உடன் ஊழியருக்குச் செலுத்தவேண்டிய கடன்

வேதபகுதி: ரோமர் 16:1-24
துணைப்பகுதிகள்: 1 சாமுவேல் 30:21-25, 1 கொரிந்தியர் 16:15-18, பிலிப்பியர் 2:25-30

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை ஆவலோடு வாசிக்கும் பலர், பதினாறாம் அதிகாரத்துக்கு வந்ததும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். விசுவாசத்தினாலே வரும் நீதி, பரிசுத்த ஆவியின் ஜீவியம், இஸ்ரவேலின் எதிர்காலம் ஆகிய ஆழமான சத்தியங்களுக்குப் பின்பு வருவது வெறும் பெயர்ப்பட்டியல்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அந்தப் பட்டியல் நிருபத்தின் வாலாக ஒட்டவைக்கப்பட்டதன்று. கனம் கொடுப்பதில் விசுவாசிகள் ஒருவரையொருவர் முந்திக்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டாம் அதிகாரத்தில் பவுல் போதிக்கிறார். வரி எவ்விதம் செலுத்தப்படவேண்டிய கடனோ, அவ்விதமே கனமும் அதற்குரியவர்களுக்குச் செலுத்தப்படவேண்டிய கடன் என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார் (ரோமர் 12:10, 13:7). பதினாறாம் அதிகாரத்தில் அவர் தம்முடைய சொந்தக் கடனைச் செலுத்துகிறார்.

உடன் ஊழியரைப் பாராட்டுதல் விருப்பமிருந்தால் செய்யும் மரியாதை என்று அநேகர் நினைக்கிறார்கள். வேதமோ அதைக் கடனாகக் கருதுகிறது. கடனைச் செலுத்தாதவன் கஞ்சன் அல்லன், அநியாயக்காரன். இந்த வேறுபாட்டை ஊழியர்கள் உணர்ந்துகொள்வது அவசியம். தூரத்திலிருக்கும் எதிரிகளின் கல்லடியைத் தாங்கிக்கொண்ட ஊழியர்கூட, அருகிலிருக்கும் உடன் ஊழியரின் மௌனத்தினால் சோர்ந்து பணித்தளத்தை விட்டுப் போவதுண்டு.

பவுல் செலுத்திய கடன்

பவுல் இந்த நிருபத்தை எழுதியபோது ரோமாபுரியைக் கண்டதில்லை. ஆயினும் அங்கிருந்த 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெயர் குறிப்பிடப்படாத இரு பெண்களையும், சில வீட்டாரையும், வீட்டில் கூடும் சபையையும் இவர்களோடு சேர்த்துக்கொள்கிறார். இந்த வாழ்த்துதல்களைக் கவனித்துப் படிக்கும்போது சில உண்மைகள் விளங்கும்.

முதலாவது, அவர் பொதுவாகப் பாராட்டவில்லை. “எல்லாரும் நன்றாக ஊழியம் செய்கிறீர்கள்” என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தமது உயிருக்காகத் தங்கள் கழுத்தையே பணயம் வைத்ததை எழுதுகிறார். அதற்காகத் தாம் மாத்திரமல்ல, புறஜாதி சபைகள் எல்லாமே நன்றியுள்ளவை என்கிறார். எப்பனெத்து தம் பகுதியில் முதன்முதல் கிறிஸ்துவிடம் வந்தவர் என்பதை நினைவுகூருகிறார். அப்பெல்லே சோதனையில் உத்தமராகக் காணப்பட்டவர் என்கிறார். ஒவ்வொருவரிடமும் தேவன் செய்த தனித்த கிரியையைத் தேடிக் கண்டுபிடித்து, அதைப் பெயரோடு சேர்த்து எழுதுகிறார். உடன் ஊழியரைக் கவனித்துப் பாராதவரால் இவ்விதம் எழுத முடியாது.

இரண்டாவது, பெண்களின் உழைப்பு அவர் பார்வைக்குத் தப்பவில்லை. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரையும் குறித்து அவர் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார். களைத்துப்போகுமட்டும் பாடுபடுதல் என்பது கிரேக்க மூலத்தில் அச்சொல்லின் பொருள். இந்த அதிகாரத்தில் அச்சொல் இந்த நான்கு பெண்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளோ பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்கிறார். நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுசென்றவர் இவரே என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். இவர் அநேகருக்கு ஆதரவாயிருந்தவர், தமக்கும் ஆதரவாயிருந்தவர் என்று பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். தாம் பிறரிடம் உதவி பெற்றதைச் சொல்ல அந்தப் பெரிய அப்போஸ்தலர் வெட்கப்படவில்லை.

மூன்றாவது, அவர் பிரசங்கிகளை மட்டும் பாராட்டவில்லை. ரூபு என்பவரின் தாய் பெரிய கூட்டங்களில் பேசியதாக வேதம் சொல்லவில்லை. தமக்கும் அவர் தாயாக இருந்தார் என்று மட்டும் பவுல் குறிப்பிடுகிறார். எங்கோ ஓரிடத்தில், களைத்து வந்த ஊழியருக்கு அந்த அம்மையார் தாயின் அன்பைக் காட்டியிருக்க வேண்டும். அவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவருடைய ஊழியமோ வேதத்தில் நிலைத்திருக்கிறது.

நான்காவது, 22ஆம் வசனத்தில் ஒரு புதிய குரல் கேட்கிறது. பவுல் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதிய தெர்தியு தம் சொந்தப் பெயரில் சபையை வாழ்த்துகிறார். சபையின் சரித்திரத்தையே மாற்றிய நிருபம் பவுலின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனாலும் எழுதிய கைக்குச் சொந்தக்காரரும் அதில் ஒரு வசனம் பேசுகிறார். அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவர், கணக்கெழுதுபவர், மொழிபெயர்ப்பவர் ஆகியோரின் பெயர் மறைந்தேபோகும் ஊழியங்களுக்கு இந்த ஒரு வசனம் நல்ல பாடமாகும்.

பின்னணியில் நின்றவர்களின் பங்கு

பாராட்டு என்பது வாய்ச்சொல்லோடு முடிவதன்று. அது பங்கீட்டிலும் காணப்படவேண்டும் என்பதைத் தாவீதின் வாழ்க்கை காட்டுகிறது. சிக்லாகைக் கொள்ளையிட்ட அமலேக்கியரைத் துரத்திப் போனவர்கள் 600 பேர். அவர்களில் 200 பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் களைத்து நின்று, பொருள்களைக் காத்திருந்தார்கள். மற்ற 400 பேரும் வெற்றியோடு திரும்பியபோது, யுத்தத்துக்கு வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை என்று சிலர் வாதாடினார்கள். மனைவி மக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம்.

தாவீது அதற்கு இணங்கவில்லை. மீட்கப்பட்டது வீரர்களின் சம்பாத்தியமன்று, கர்த்தர் தந்தது என்பதே அவர் கூறிய காரணம். கொடுத்தவர் கர்த்தர் என்றால், முன்னே சென்றவரும் பின்னே நின்றவரும் சமமாகப் பெறவேண்டும். அன்று முதல் அது இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று. கனிகள் தன் திறமையால் விளைந்தவை என்று நம்புகிற ஊழியன் புகழைப் பங்கிட மாட்டான். அவை கர்த்தரிடமிருந்து வந்தவை என்று அறிந்தவனுக்கோ பங்கிடுவது கடினமன்று. ஆகவே பாராட்ட மறுக்கும் மனதின் வேர், பெரும்பாலும் உபதேசத்திலேயே இருக்கிறது. கிருபையை வாயினால் பிரசங்கித்துக்கொண்டே, கிரியைகளின் கணக்கை இருதயத்தில் வைத்திருப்பதே அந்த வேர்.

செராம்பூரின் மூவர்

இந்திய மிஷனெரி சரித்திரத்தில் இந்தப் பாடத்துக்கு ஒளியான எடுத்துக்காட்டும் எச்சரிப்பும் ஒரே இடத்தில் உண்டு. அது வங்காளத்தில், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூர்.

வில்லியம் கேரி 1793ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். 1799ஆம் ஆண்டு ஜோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் வந்துசேர்ந்தனர். அன்று டென்மார்க் தேசத்தாரின் ஆளுகையிலிருந்த செராம்பூருக்கு 1800ஆம் ஆண்டு ஜனவரியில் கேரியும் குடிபெயர்ந்தார். கேரி முன்பு காலணி தைத்தவர். மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத்தொழில் அறிந்தவர், பத்திரிகை ஆசிரியராயும் இருந்தவர். மூவரின் சுபாவங்களும் வேறுபட்டவை. ஆயினும் 1823ஆம் ஆண்டு வார்டு காலராவினால் மரிக்கும்வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மூவரும் ஒரே நுகத்தைச் சுமந்தனர்.

இது தானாக நடந்ததன்று. அவர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்து, சம்பாதித்ததைப் பொதுநிதியில் சேர்த்தனர். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி பெற்ற ஊதியமும் மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளிகளின் வருமானமும் அந்த நிதிக்கே சென்றன. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கூடி, வாரத்தில் எழுந்த மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்பதாக மறுபடியும் வாக்குக்கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். கசப்பு ஞாயிற்றுக்கிழமையின் ஆராதனைக்குள் நுழையாதபடி சனிக்கிழமையே வாசல் அடைக்கப்பட்டது.

ஒருவரின் குறைவை மற்றவரின் நிறைவு தாங்கியது. கேரியின் மனைவி டாரத்தி மனநோயினால் நெடுங்காலம் துன்புற்று 1807ஆம் ஆண்டு மரித்தார். தாயின் பராமரிப்பை இழந்திருந்த பிள்ளைகளை ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் அரவணைத்தார். வளரும் பருவத்திலிருந்த மகன்களுக்கு வார்டு மூத்த சகோதரனைப்போல் வழிகாட்டினார். பல மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்த கேரியின் சாதனையைப் பேசுகிறவர்கள் அநேகர். அவர் மேசையில் அமர்ந்து மொழிபெயர்க்கும்படி, அவருடைய வீட்டைத் தாங்கியவர்களைப் பேசுகிறவர்கள் சிலரே.

1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி மாலை அச்சகம் தீப்பற்றி எரிந்தது. பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் காகிதமும் அச்செழுத்துகளும் அழிந்தன. அப்போது கேரி கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் நேரில் சென்று அந்தச் செய்தியைத் தெரிவித்தார். கேரி திரும்பி வந்தபோது வார்டு சாம்பலைக் கிளறிச் சேதமற்ற பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். எழுத்து வார்க்கும் அச்சுகள் கெடாமல் கிடைத்தன. உருகிய உலோகத்தைக்கொண்டே மீண்டும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. கேரி அங்கே இல்லாத வேளையில் கேரியின் ஊழியத்தைக் காத்தவர்கள் உடன் ஊழியர்களே.

அந்த அச்சுகளின் பின்னால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். வங்க எழுத்துகளை வெட்டுவதில் தேர்ந்தவராகிய பஞ்சானன் கர்மகாரும், அவருக்குப்பின் அவர் மருமகன் மனோகரும் செராம்பூருக்காக இந்திய மொழிகளின் எழுத்துகளை உருவாக்கினர். பண்டிதர்கள் பலர் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றனர். 1800ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்ற தச்சராகிய கிருஷ்ண பால், பின்பு தாமே சுவிசேஷத்தை அறிவிப்பவரானார். 1805ஆம் ஆண்டு செராம்பூர் சகோதரர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில், இந்தியச் சகோதரரின் வரங்களைக் கண்டறிந்து வளர்ப்பது மிஷனெரிகளின் கடமையாக இடம்பெற்றது. அந்த உடன்படிக்கையை ஆண்டுக்கு மூன்று முறை எல்லாப் பணித்தளங்களிலும் வாசிக்கவும் தீர்மானித்தனர். நல்ல தீர்மானமும் அடிக்கடி நினைவூட்டப்படாவிட்டால் மறக்கப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே இடத்தின் எச்சரிப்பு

இவ்வளவு நல்ல தொடக்கமுடைய செராம்பூரும் வேதனைக்குத் தப்பவில்லை. இங்கிலாந்திலிருந்து பின்னர் வந்த இளைய மிஷனெரிகளுக்கும் மூத்தவர்களுக்கும் இடையே பிளவு உண்டாயிற்று. நிதி, சொத்து, அதிகாரம் ஆகியவை யாருடைய கையில் இருக்கவேண்டும் என்ற கேள்விகள் எழுந்தன. மார்ஷ்மனுக்கு விரோதமான குற்றச்சாட்டுகள் கடல் கடந்து சென்றன. இளையவர்கள் கல்கத்தாவில் தனியே ஊழியம் செய்யத் தொடங்கினர். 1827ஆம் ஆண்டு செராம்பூர், தன்னை அனுப்பிய சங்கத்தினின்றே பிரிந்தது. மறுபடியும் இணைவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் கேரி 1834ஆம் ஆண்டு மரித்துவிட்டார். மார்ஷ்மனும் இணைப்பு நடந்த 1837ஆம் ஆண்டிலேயே மரித்தார்.

பல ஆண்டுகள் நீடித்த இந்தப் போராட்டத்தில் கேரி மார்ஷ்மனை விட்டுக்கொடுக்கவில்லை. தம்முடைய நற்பெயரைக் காத்துக்கொள்ள அவரைத் தனியே நிற்கவிடுவது எளிதாயிருந்திருக்கும். உடன் ஊழியரை அவர் பாராட்டப்படும் மேடையில் பாராட்டுவது ஒன்று. அவர் குற்றம்சாட்டப்படும் நாளில் அவர் பக்கத்தில் நிற்பது மற்றொன்று. இரண்டாவதே அதிக விலையுள்ளது. மூத்தவர்களின் தியாகத்தை இளையவர்கள் உணரவில்லை. இளையவர்களின் பொறுப்புணர்வுக்கு மூத்தவர்கள் போதிய இடம் கொடுக்கவில்லை. இரு பக்கத்திலும் உண்மையான தேவபக்தியுள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தின் வேதனையான பகுதி. தேவபக்தி இருந்தும் ஒருவருக்கொருவர் செலுத்தவேண்டிய கனம் நிலுவையில் நின்றால், ஊழியம் பிளவுபடும்.

ஓர் இந்தியரின் விண்ணப்பம்

செராம்பூரிலேயே, 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, இந்திய தேசிய மிஷனெரி சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரும் அதன் செயலாளருமானவர் திருநெல்வேலியைச் சேர்ந்த வே. ச. அசரியா. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் உரையாற்றினார். மேல்நாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உள்ள உறவே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. இந்தியத் திருச்சபை அதற்கு என்றும் நன்றியுள்ளதாயிருக்கும் என்றார். ஆனாலும் உதவியையும் உழைப்பையும் தாராளமாய்க் கொடுத்தவர்கள், சமமான நட்பைக் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதைத் துணிந்து எடுத்துரைத்து, நண்பர்களைத் தரும்படி கேட்டுக்கொண்டார். அன்று அந்த உரை சிலருக்குக் கசப்பாயிருந்தது. 1912ஆம் ஆண்டு அவரே தோர்ணக்கலின் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அந்த விண்ணப்பம் மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. இன்று இந்திய மிஷன்களில் ஒரு மாநிலத்தார் வேறொரு மாநிலத்தில் ஊழியம் செய்கிறார்கள். உள்ளூர் சுவிசேஷகர் காடுமேடெல்லாம் நடந்து விதைக்கிறார். அவருக்கு மொழியும் தெரியும், மக்களின் துயரமும் தெரியும். அறிக்கை எழுதுபவரோ வெளியிலிருந்து வந்த ஊழியர். அந்த அறிக்கையில் உள்ளூர் ஊழியரின் பெயர் இடம்பெறுகிறதா? அவர் கூலிக்கு வேலைசெய்பவராக நடத்தப்படுகிறாரா, சகோதரராக உணவருந்த அழைக்கப்படுகிறாரா? அசரியா கேட்ட கேள்வி இன்றும் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

முகஸ்துதியும் பாராட்டும்

பாராட்டினால் பெருமை வந்துவிடும், மகிமை தேவனுக்கே உரியது என்று சொல்லிச் சிலர் வாயை அடக்கிக்கொள்கிறார்கள். மரணப்படுக்கையில் இருந்த கேரி, தம்மைப்பற்றிப் பேசவேண்டாம், தம்முடைய இரட்சகரைப்பற்றியே பேசவேண்டும் என்று இளம் மிஷனெரி அலெக்சாண்டர் டஃப்பிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அது தன்னைக்குறித்துத் தாழ்மையுள்ள ஒருவரின் வேண்டுகோள். தன்னைக்குறித்துப் பேசாதிருப்பது தாழ்மை. பிறரிடம் விளங்கும் கிருபையைக்குறித்துப் பேசாதிருப்பது தாழ்மையாகாது. தாம் முகஸ்துதி பேசியதில்லை என்று தெசலோனிக்கேயருக்குச் சாட்சியிடும் பவுல்தான் (1 தெசலோனிக்கேயர் 2:5), அதே நிருபத்தில் தங்கள் நடுவே பிரயாசப்படுகிறவர்களை அன்போடு மதிக்கும்படி கட்டளையிடுகிறார் (5:12, 13). முகஸ்துதி, பேசுகிறவனின் ஆதாயத்தைத் தேடும். பாராட்டு, கேட்கிறவனைத் திடப்படுத்தும்.

மெய்யான பாராட்டு குறைகளை மூடிமறைப்பதுமில்லை. எபேசு சபையின் பிரயாசத்தையும் பொறுமையையும் அறிந்திருப்பதாகச் சொன்ன பின்பே, ஆண்டவர் அதன் குறையைச் சுட்டிக்காட்டினார் (வெளி. 2:2-4). உழைப்பு அறியப்பட்டிருக்கிறது என்ற நிச்சயமுள்ளவன் கண்டிதத்தையும் ஏற்றுக்கொள்வான்.

தோல்வியுற்றவர்போல் காணப்படுகிறவருக்கே பாராட்டு அதிகம் தேவை. பவுலுக்கு உதவும்படி அனுப்பப்பட்ட எப்பாப்பிரோதீத்து, வியாதிப்பட்டு மரணத்துக்கு அருகில் போய், ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பாதியில் திரும்பி வந்தவர் என்று சபை அவரை நினைக்கக்கூடும். பவுல் முந்திக்கொண்டு அவரைச் சகோதரன், உடன் வேலையாள், உடன் சேவகன், சபையின் ஸ்தானாபதி, தம் குறைச்சலில் உதவியவர் என்று ஐந்துவிதமாய்க் கனப்படுத்துகிறார். ஒருகாலத்தில் பாதியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் ஏற்றுக்கொள்ளவில்லை. பர்னபா அவரைக் கைவிடவில்லை. கடைசிக் காலத்தில் அந்த மாற்கு தம் ஊழியத்துக்குப் பிரயோஜனமுள்ளவர் என்று பவுலே எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). பர்னபாவின் பொறுமை வீண்போகவில்லை. தம் கருத்தை மாற்றி எழுதிய பவுலின் நேர்மையும் மறக்கத்தக்கதன்று.

நடைமுறையில் செய்யத்தக்கவை

1. பெயரையும் செயலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “நல்ல ஊழியர்” என்பதைவிட, “மழைக்காலத்திலும் அந்தக் கிராமத்துக்குப் போவதை நிறுத்தாதவர்” என்பது பத்து மடங்கு திடப்படுத்தும்.

2. உயிரோடிருக்கும்போதே சொல்ல வேண்டும். அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் புகழுரையை, அதற்குரியவர் கேட்பதில்லை. ஸ்தேவானும் அவரோடு வந்தவர்களும் இன்னும் தம்முடன் இருக்கும்போதே, அவர்களை அங்கீகரிக்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார்.

3. அவர் இல்லாத இடத்திலும் அதையே சொல்ல வேண்டும். முகத்துக்கு முன் பாராட்டி, குழுக்கூட்டத்தில் குறைகூறுகிறவரின் பாராட்டு செல்லாக்காசு.

4. எண்ணிக் காட்ட முடியாத ஊழியங்களை நினைக்க வேண்டும். ஊழியரின் மனைவி, அலுவலகப் பணியாளர், வாகன ஓட்டுநர், விடுதிச் சமையலர், தினமும் ஜெபிக்கும் முதிர்ந்த விசுவாசி ஆகியோர் மாத அறிக்கையின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

5. பணித்தளக் குழுக்கள் செராம்பூரின் சனிக்கிழமை வழக்கத்தைத் தங்களுக்கேற்ப மேற்கொள்ளலாம். மனஸ்தாபங்களைத் தீர்த்தபின், அந்த வாரத்தில் ஒருவரிடத்தில் ஒருவர் கண்ட நன்மையைச் சொல்லி ஜெபிப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

மனிதர் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும், தம்முடைய நாமத்துக்காகச் செய்யப்பட்ட பிரயாசத்தை மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்லர் என்பதே ஊழியரின் இறுதி ஆறுதல் (எபிரெயர் 6:10). அந்த ஆறுதலை, பாராட்டு பெறாதவர் பற்றிக்கொள்ளலாம். பாராட்டத் தவறியவர் சாக்காகச் சொல்லக்கூடாது. ஆண்டவர் அந்நாளில் யாரை உண்மையுள்ள ஊழியக்காரன் என்று அழைக்கப்போகிறாரோ, அவர் இன்று பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கலாம்.

சிந்தனைக்கு

1. ரோமர் 16இல் ஒவ்வொரு பெயரோடும் இணைந்துள்ள செயலைக் குறித்துக்கொள்க. இவற்றில் எவை இன்று சபைகளில் கவனிக்கப்படாமல் போகின்றன?

2. பேசோர் ஆற்றண்டை நின்ற 200 பேருக்கு ஒப்பானவர்கள் உங்கள் ஊழியத்தில் யார்?

3. இந்த வாரத்தில் நன்றிக் கடிதம் எழுதப்படவேண்டிய உடன் ஊழியர் ஒருவரின் பெயரை ஜெபத்துடன் எழுதுக. கடிதத்தையும் எழுதி அனுப்புக.